பின்னை இழுத்த பின்

லியப்பாயா துறைமுகத்தில்
காற்றுக்கு விடுமுறை கிடையாது.
எனக்கும்தான்.
பத்தொன்பது ஆண்டுகளாக
மீன் புகைபோடும் கொட்டகை, டிராம் பணிமனை,
பல் மருத்துவரின் மாடிவீடு என்று
சிவப்பு உருளைகளைத் தேடி அலைகிறேன்.

தேடத்தான் வேண்டும்.
ஓயார்ஸ் அதன் கழுத்தில் கம்பளித் தொப்பியை மாட்டியிருப்பார்.
மரவேலைக் கூடத்தில் அது கதவுக்கு முட்டு.
பல் மருத்துவர் வீட்டில் குளியலறை அலமாரிக்குள்,
துவாலைகளுக்குப் பின்னால்,
ஏதோ குடும்ப ரகசியம் போல.

அளவுமானியின் முள் பச்சையில் நிற்கிறதா,
முத்திரை அறுபடவில்லையே,
குழாயில் சிலந்தி குடியேறவில்லையே என்று பார்ப்பேன்.
கரியமில வாயு உருளைக்கு முள் கிடையாது.
அதைத் தராசில் நிறுத்துத்தான்
உயிர் இருக்கிறதா என்று அறிய வேண்டும்.
தூள் உருளையைத் தலைகீழாக்கி
அடியில் இரண்டு தட்டு தட்டுவேன்,
ஏப்பம் வராத குழந்தையைத் தட்டுவதுபோல.

பிறகு படிவம்.
பயன்படுத்தப்பட்டதா? இல்லை.
பயன்படுத்தப்பட்டதா? இல்லை.
என் பேனா அந்த ஒரு கட்டத்துக்குக்
கண்ணை மூடிக்கொண்டே போகும்.

மீன் கம்பெனி அலுவலகத்தில் ஜித்ரா
உருளைக்குப் பூப்போட்ட திரை தைத்துப் போட்டிருந்தாள்.
சிவப்பு, சுவரின் நீலத்தோடு சண்டை போடுகிறதாம்.
நான் திட்டினேன்.
அவள் காபி ஊற்றினாள்.
போன வருஷமும் இதே திட்டு, இதே காபி.

பிப்ரவரியில், ஒரு செவ்வாய் மாலை,
மேஜைக்கடியில் இருந்த மின்கணப்பு
காகிதக்கூடையைத் தொட்டுவிட்டது.

ஜித்ரா சொல்கிறாள்:
"திரையோடுதான் தூக்கினேன்.
பின்னை இழுத்தேன், வரவில்லை.
இன்னும் பலமாக இழுத்தேன்.
தீ மேஜைக்கால் வரை வந்துவிட்டது,
உன் சனியன் பின் அசையவில்லை."

எனக்குத் தெரியும் ஏன் என்று.
பயத்தில் கை
கைப்பிடியை நெரித்துக்கொண்டிருக்கும்.
நெரிக்க நெரிக்கப் பின் இறுகும்.
பயிற்சியில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்:
முதலில் பிடியைத் தளர்த்து.
பின்னை இழு.
பின் அமுக்கு.
எல்லாரும் தலையாட்டுவார்கள்,
அந்த நேரத்தில்
உலகத்தில் யாரால் முடியும், கையைத் தளர்த்த?

"என்ன செய்தாய்?"

"தும்மினேன்."

புகையில் வந்த தும்மலில் கை நெகிழ்ந்தது,
பின் கழன்று தரையில் விழுந்தது.
கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி
அவள் நின்றிருந்தாள். அது தற்செயலா,
என் திட்டுகளில் ஒன்று ஒட்டிக்கொண்டதா,
அவளுக்கே தெரியவில்லை.
சுடரின் உச்சியில் அடித்தாள், ஒன்றும் ஆகவில்லை.
வேரில் அடித்தாள்,
பெருக்குவதுபோல் இடம் வலம் இடம்.

"பதினைந்து வினாடி என்றாய்.
அத்தனை சத்தம் போடும் என்று
நீ சொல்லவே இல்லையே, வெல்கா."

இல்லை. சொன்னதில்லை.
நான் கேட்டது திடலில், பகலில்,
தட்டில் ஊற்றிக் கொளுத்திய சாதுவான தீயின் முன்.
அடங்காத தீ ஒன்றை
நான் நேரில் பார்த்ததே கிடையாது.
அதை அவளிடம் சொல்ல
இரண்டாவது கோப்பை காபி தேவைப்பட்டது.

அணைத்த பிறகும் அவள் போகவில்லையாம்.
தீயணைப்பு வண்டி வரும்வரை வாசலில் நின்று
அந்தக் கூடையையே முறைத்தபடி,
முதுகைத் திருப்பாமல்.

அணைக்கப் பதினைந்து வினாடி.
துடைக்க மூன்று வாரம்.
தட்டச்சுப் பலகையின் இடுக்கில், நாட்காட்டித் தாள்களுக்குள்,
காலணியில், சர்க்கரை டப்பாவில்
மாவு மாதிரி மஞ்சள் தூள்.
என் கோப்பையின் விளிம்பிலும்
கொஞ்சம் உப்பாக இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

புது உருளையைக் கொக்கியில் மாட்டினேன்.
அவள் உதவிக்கு வரவில்லை,
தள்ளியே நின்று பார்த்தாள்.

பிறகு படிவம்.
பயன்படுத்தப்பட்டதா?
பேனா பழக்கத்தில் போய்
"இல்லை"யின் மேல் ஒரு கோடு கீறிவிட்டது.
அடித்துவிட்டு,
"ஆம்" எங்கே இருக்கிறது என்று
காகிதம் முழுக்கத் தேடினேன்.